டப்பாவுக்குள் கட்டுவிரியன்

பிள்ளைகள் எல்லோர் முன்னிலையிலும் ஒரு சிறுமியை அவமானப்படுத்தியவன் நான். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற திமிர்தான் காரணம்.

கொல்லிமலையில் நடந்த மாணவர் இயற்கை முகாமுக்கு வகுப்பெடுக்கப் போயிருந்தேன். காலையில் தார்ப்பாயைச் சுருட்டியபோது அடியில் சிறிய பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. "விஷமில்லாதது, பயப்படாதீங்க" என்று சொல்லிக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க சார். கட்டுவிரியனாட்ட இருக்குதுங்க" என்றாள் குண்டனி நாடு என்ற மலைக்கிராமத்திலிருந்து முகாமுக்கு வந்திருந்த மாணவி செல்வி.

"இங்க வாத்தியார் நீயா கண்ணு, நானா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் முகம் வாடிவிட்டது. ஆனாலும் நான் குனிவதற்குள், பூச்சி பார்க்க வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவைப் பாம்பின் மேல் கவிழ்த்துவிட்டாள்.

டப்பா வழியாகப் பார்த்தேன். கழுத்தருகே மங்கியிருந்த வெள்ளைக் கோடுகள் வால் பக்கம் பளிச்சென்று தெரிந்தன. கட்டுவிரியனேதான்.

அங்கேயே எல்லோர் முன்பும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க சார்" என்றாள். அதன்பின் முகாம் முடியும்வரை அவள் வாயே திறக்கவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான்.

இப்போதெல்லாம் எந்த உயிரின் பெயரையும் நான் முதலில் சொல்வதில்லை. என்ன அடையாளம் தெரிகிறது என்று பிள்ளைகளைத்தான் கேட்கிறேன். புளியஞ்சோலையில் நடந்த அடுத்த முகாமுக்குச் செல்வியை நானே அழைத்தேன். ஓடையோரம் இருந்த ஒரு தவளையைக் காட்டிக் கேட்டேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் வயல் தவளை என்று நானே சொன்னேன்.

"இல்லீங்க சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மரத்தவளைங்க. விரல் நுனியப் பாருங்க."

செல்விதான். நுனிகள் மரத்தவளைக்கே உரியபடி வட்டமாகவும் தட்டையாகவும் இருந்தன. இந்த முறை பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.