பாதிப் பணமும் முழு வண்டியும்

மாமாவின் பட்டறையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சாயங்கால வேளைதான். கடைக்கு முன்னால் நடைபாதையில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களை ஒவ்வொன்றாக உருட்டி உள்ளே ஏற்ற வேண்டும். கைப்பிடியோடு கைப்பிடி உரசாமல், ஒன்று சுவரைப் பார்த்து, அடுத்தது வாசலைப் பார்த்து, இடுக்கில் சின்ன ஸ்கூட்டர் என்று அடுக்குவோம். கடைசி வண்டி ஏறியதும் உள்ளே ஆள் நிற்க இடமிருக்காது. ஒருநாள் மாமா எல்லாவற்றையும் பிரமாதமாக அடுக்கிவிட்டுத் தானே பின்சுவரோரம் மாட்டிக்கொண்டார். முன்னால் நின்ற வண்டிகளைத் திரும்ப இறக்கித்தான் நான் அவரை மீட்டேன். "சிரிக்காத பாப்பா, வியாபாரம் அமோகமா நடக்குது" என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அமோகம்தான். ஆனால் அந்த வண்டிகளில் பெரும்பாலானவை பழுது பார்த்து முடிந்தவை. ஓடத் தயாராக இருந்தும் ஓடாமல் நின்றவை.

மாமா என் அம்மாவின் தம்பி. அவருடைய பட்டறை எங்கள் தீவின் கெலுகோர் பகுதியில், பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. நான் அப்போது அங்கே கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அதே பல்கலைக்கழகத்தில் அம்மா தரை துடைக்கும் வேலையில் இருந்தார். அவர் துடைத்த படிகளில் நான் புத்தகத்தோடு ஏறினேன் என்பதை இன்றும் பெருமையாகத்தான் சொல்வேன். வகுப்பு முடிந்ததும் அம்மாவின் வேலை முடியும்வரை பட்டறையில் உட்கார்ந்து படிப்பேன். அங்கே பெட்ரோல் வாசனை, ரேடியோவில் பழைய பாட்டு, நடுநடுவே மாமா வண்டியோடு போடும் சண்டை. அதைவிட நல்ல படிக்கும் அறை எனக்கு வாய்க்கவில்லை.

பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். படிப்புக் கடன் வந்த வாரத்தில் அவர்கள் ராஜாக்கள். பருவத்தின் நடுவில் ரொட்டிக்கே யோசிப்பார்கள். வண்டியோ அந்த நேரம் பார்த்துத்தான் படுக்கும். மாமாவின் சட்டம் ஒன்றே ஒன்று: முழுப் பணம் வந்தால்தான் சாவி. அது கருமித்தனம் இல்லை. முன்பு நாளைக்குத் தருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போன ஒருவனுக்கு அந்த 'நாளை' வரவே இல்லை.

அந்த வருடம் தவுக்கே பொறுமை இழந்தார். மாமா உதிரிப்பாகங்களைக் கடனுக்கு வாங்கும் கடையின் சீன முதலாளி அவர். சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு முன் பழைய பாக்கியெல்லாம் தீர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஒவ்வொரு வருடமும் மாமா போய் நின்று, திட்டு வாங்கி, தவணை வாங்கி வருவார். இந்த முறை தவுக்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: முழுப் பாக்கியும் வராவிட்டால் பெருநாளுக்குப் பிறகு ஒரு திருகாணிகூடக் கிடையாது. சாமான் இல்லாமல் பட்டறை ஏது? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் மாமாவின் பள்ளிக்காலக் கூட்டாளி அவருக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். இளவயதில் இருந்தே யாருக்குக் கீழேயும் வேலை செய்யாத மனிதர், அந்த வேலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்துபோய் ஏதாவது ஒரு சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்.

கிளந்தானிலிருந்து வந்து படித்த ஒரு மலாய்ப் பெண் தினமும் பட்டறைக்கு வருவாள். வேலை முடிந்து நின்ற தன் வண்டியின் இருக்கையைத் தடவிப் பார்ப்பாள், பிறகு வெயிலில் நடந்து போவாள். ஒருநாள் பாதிப் பணம்தான் இருக்கிறது, மீதியை வாராவாரம் தரட்டுமா என்று கேட்டாள். மாமா தலையை ஆட்டி மறுத்தார். அவள் போன பிறகு நான் புத்தகத்தை மூடினேன்.

"மாமா, அந்த வண்டி இங்க நின்னா உங்களுக்கும் காசு இல்ல, அவளுக்கும் வண்டி இல்ல."

"படிச்சவ பேசுற. அவ ஓடிட்டா யாரு புடிக்கிறது, உன் புரொபசரா?"

நான் விடவில்லை. வண்டிக்குள் போட்ட சாமான் தவுக்கேயுடையது, கைவேலை மாமாவுடையது. சாமானுக்கான பணத்தை முதலில் வாங்கிவிடலாம், அது நேராகத் தவுக்கேக்குப் போகட்டும். கைவேலைக் கூலியைச் சின்னச் சின்னத் தவணைகளாகக் கட்டட்டும். யாராவது ஓடினாலும் தவுக்கேயின் கடன் ஏறாது என்று விளக்கினேன். மாமா ரொம்ப நேரம் ஒரு சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தவுக்கே சாமான் ரொக்கம், என் வேர்வை மட்டும் கடன். அதானே?"

"கொஞ்ச நாளைக்குத்தான் மாமா."

"நல்லா படிக்க வச்சிருக்கா எங்கக்கா" என்றார். திட்டுகிறாரா மெச்சுகிறாரா என்று தெரியவில்லை. ஆனால் மறுநாள் அந்தப் பெண்ணின் கையில் சாவி இருந்தது. மாணவர்களிடம் பண நோட்டு இருக்காது, இருக்கிற கொஞ்சமும் கைப்பேசிக்குள்தான் இருக்கும் என்பதால், காற்றடிக்கும் இயந்திரத்தின் மேல் கியூஆர் அட்டை ஒன்றையும் ஒட்டிவைத்தேன்.

அவள் தோழிகளிடம் சொன்னாள், தோழிகள் விடுதி முழுக்கச் சொன்னார்கள். அந்த வாரம் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. பட்டறையின் தரை என்ன நிறம் என்பதையே நான் அப்போதுதான் பார்த்தேன். இடம் காலியானதால் புது வேலைகள் வந்தன. பணம் வரும்போதெல்லாம் மாமாவின் கைப்பேசி 'டிங்' என்றது. முதல் சில நாட்கள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எடுத்து "ஹலோ, ஹலோ" என்றார்.

தவணையை நினைவூட்டுவதுதான் சிக்கலாக இருந்தது. காசு கேட்க மாமாவுக்குக் கூச்சம். அதனால் குரல் செய்தி அனுப்புவார், அதில் பணம் என்ற பேச்சே இருக்காது. "அடேக், பிரேக் ஓகே கா? செயின் சத்தம் போடுதா?" என்று தமிழும் மலாயும் கலந்து, தம்பி தங்கையை அழைக்கும் 'அடேக்' போட்டு, அப்பா விசாரிப்பதுபோல விசாரிப்பார். கேட்ட பையன் பிரேக் நன்றாக இருக்கிறது என்று பதில் போடுவான். கூடவே 'டிங்' வந்துவிடும். படிப்பை முடித்துப் போன ஒருவன் மட்டும் எண்ணையே மாற்றிக்கொண்டு மறைந்தான். மாமா கொஞ்ச நேரம் முனகினார். பிறகு, "சாமான் காசு வந்துருச்சுல்ல. போனது ஒரு மத்தியான வேலைதானே, போகட்டும்" என்றார்.

இப்போது நான் சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். விற்பனை நன்றாக இருக்கிறது, கையில்தான் காசு நிற்கவில்லை என்று சிறு கடைக்காரர்கள் வருவார்கள். வேலை முடிந்தும் உங்கள் கடையைவிட்டுப் போகாமல் இருப்பது எது என்றுதான் முதலில் கேட்பேன். தையற்காரர் தொங்கிக்கொண்டிருக்கும் ரவிக்கைகளைச் சொல்வார். படச் சட்டம் போடுகிறவர் சுவரில் சாய்த்துவைத்த சாமி படங்களைச் சொல்வார். அங்கிருந்து பேச்சைத் தொடங்குவோம். இதற்கெல்லாம் பெரிய பெயர்கள் உண்டு, நானும் தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் அவர்கள் முகம் தெளியும்போது என் மனசுக்குள் வருவது, பெருநாளுக்குச் சில நாள் முன்பு தவுக்கே கடையில் நின்ற மாமாதான்.

என்னையும் கூட்டிப்போயிருந்தார். முழுப் பாக்கியையும் கைப்பேசியிலேயே அனுப்பினார். தவுக்கே தன் கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், மகனைக் கூப்பிட்டும் பார்க்கச் சொன்னார். பிறகு சிரித்துவிட்டு, இந்த வருடத் திட்டைத் தயார் செய்து வைத்திருந்தேன், வீணாகப் போய்விட்டது என்று மலாயில் சொன்னார். இனி வாங்கும் சாமானுக்குச் சனிக்கிழமைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டட்டுமா என்று மாமா கேட்டதற்கு உடனே தலையாட்டி, பெருநாளுக்குக் கொடுக்கும் ஆரஞ்சுப் பழப் பெட்டி ஒன்றைத் தூக்கி அவர் கையில் வைத்தார்.

வெளியே தெரு முழுக்கச் சிவப்பு விளக்குகளும் பெருநாள் கூட்டமும். மாமாவின் இரண்டு கையிலும் பெட்டி இருந்ததால், தொழிற்சாலைக் கூட்டாளிக்கு நான்தான் எண்ணை அழுத்தி, கைப்பேசியை அவர் வாயருகே பிடித்தேன்.

"டேய், நான் வேலைக்கு வரலடா."

"என்னாடா இது, சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வச்சிட்டேன்லா. ஏன்?"

"முதலாளி விடமாட்டேங்கிறாரு."

"உனக்கு ஏதுடா முதலாளி?"

"நான்தான்லா" என்றார் மாமா, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.