ஆஸ்பத்திரி நிதிக்கு அரைப்புள்ளிக் கையெழுத்து

"தம்பி, நீ கொண்டாந்த அறுபத்தெட்டுல இருபத்திரெண்டுதான் செல்லும்"னு, செட்டியார்மாரோட கோயில் வரி, கணக்குப் பாக்குற காரியக்காரர் சொன்னதும், நகரத்தார் விடுதியில இருந்த அம்புட்டுப் பேரும் என்னையப் பாத்துச் சிரிச்சாக. மனுவுக்குக் கையெழுத்து வாங்குற வேலையில மொதல்ல செருப்பு தேயும், அப்பறம் மானம் போகும். எனக்கு ரெண்டும் ஒரே மாசத்துல ஆச்சு. காரைக்குடியில டைப்ரைட்டிங் சொல்லிக் குடுக்குறவன் நான். அடுத்த பேட்ச் வர்றதுக்குள்ள அடிச்சு முடிக்கணும், அதனால விசயத்துக்கு வந்துர்றேன்.

செல்லாத கையெழுத்து

எங்க ஊரு தர்மாஸ்பத்திரி, மலேயாவுல தொழில் பண்ணுன ஒரு செட்டியார் கட்டுனது. வட்டியில நடக்கட்டும்னு பேங்குல ஒரு தொகையும் போட்டு, ஊர்ச் செட்டியார்மாரான நகரத்தார் பொறுப்புல விட்டுட்டுக் கண்ண மூடிட்டாக. இருந்த டாக்டர் போயிட்டாரு. அடுத்த டாக்டர் வரவே இல்ல. ஆஸ்பத்திரியப் பூட்டிட்டாக. "ஆஸ்பத்திரியே இல்ல, வட்டி எதுக்குச் சும்மா கெடக்கு? கல்யாண மண்டபம் கட்டுவோம்"னு பேச்சு கெளம்புச்சு. கட்டடத்தப் பூட்டுனா பூட்டிக்கங்க, வட்டிய மட்டும் வைத்தியத்துக்கே விடுங்க, ஒரு நர்ஸு, கொஞ்சம் மருந்து, வாரம் ஒருநாள் டாக்டர், அது போதும்னு நான் மனு அடிச்சேன். "மாசக் கடைசிக்குள்ள புள்ளியில பாதிக்கு மேல கையெழுத்துக் கொண்டா"ன்னாரு காரியக்காரர். நகரத்தார் வரிக் கணக்குல ஊர் மொத்தம் எண்பது புள்ளி.

நான் வெவசாயக் குடும்பம். செட்டியார் வீட்டு ஆம்பளைன்னா புள்ளின்னு நெனச்சுட்டேன். ஆர்வமாக் கையெழுத்துப் போட்டதெல்லாம் காலேஜ் படிக்கிற பயலுக. கல்யாணம் ஆன ஒரு ஜோடிதான் ஒரு புள்ளி, தாலி கட்டாதவன் கணக்குலயே வரமாட்டான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. காரியக்காரர் என் மனுவ மடிச்சுக் கையில குடுத்துட்டுச் சொன்னாரு: "டைப்பு அழகா இருக்கு தம்பி. மண்டபம் கட்டுனதும் அழைப்பிதழ நீயே அடி."

காரைக்குடி பஸ்

எனக்கு இதுல சொந்தக் காரியமும் இருக்கு, மறைக்கல. பாக்கியம் அக்காவுக்குக் காசநோய். தெனம் ஊசி போடணும், மொத்தம் தொண்ணூறு. நம்ம ஆஸ்பத்திரியில நர்ஸ் ஞானம்மா முப்பத்தேழு போட்டிருந்தாக. பூட்டுனதோட மருந்தும் இல்ல, ஞானம்மாவுக்குச் சம்பளமும் இல்ல. மாசக் கடைசி வரைக்கும் பாத்துட்டு மதுரைக்குப் போயிருவேன்னு சொல்லிட்டாக. "நடுவுல விட்டா போட்ட ஊசி அம்புட்டும் வீண்"னு வேற சொன்னாக.

அக்காவக் காரைக்குடிக்குக் கூட்டிட்டுப் போனேன். பெரியாஸ்பத்திரியில ஒரு கொறையும் இல்ல. போயிட்டு வர்றதுதான் பாடு. பஸ்ஸுல அக்கா இருமுனா பக்கத்துல இருக்கவுக எந்திரிச்சுப் போயிருவாக. நாலாம் நாள் கண்டக்டர் என்னையக் கூப்புட்டு, "அக்காவக் கடைசி சீட்டுல உக்காரச் சொல்லுங்க தம்பி, மத்தவுக ஏறமாட்டேங்கிறாக"ன்னாரு. அவரு நல்லபடியாத்தான் சொன்னாரு. அன்னைக்குத் திரும்பி வந்து எறங்குனதும் அக்கா புளியமரத்தடியில அப்படியே உக்காந்துருச்சு. மறுநாள் வரமாட்டேன்னுருச்சு. நான் கத்துனேன், கெஞ்சுனேன். அது செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டுச் சொல்லுச்சு: "ஊசி ஒத்துக்குதுடா. பஸ்ஸுதான் ஒத்துக்கல."

வெளியூர்ப் புள்ளி

பாதிப் பேரு வீடு பூட்டிக் கெடக்கு. ஆளுக மெட்ராஸு, பினாங்குன்னு இருக்காக. மெட்ராஸுல இருக்கவுகளுக்கெல்லாம் இன்லண்டு லெட்டர் போட்டேன். டைப் அடிச்சு அடிச்சு மெசின்ல 'ஆ' எழுத்து தேஞ்சுபோச்சு. எட்டுப் பேரு கையெழுத்துப் போட்டு அனுப்புனாக. இருபத்திரெண்டும் எட்டும் முப்பது. அதோட நின்னுபோச்சு.

போடாதவுகள்ல ஒருத்தரு மட்டும் ஒழுங்கா, மரியாதையாப் பதில் எழுதியிருந்தாரு. கோவப்படக்கூட முடியல. "தம்பிக்கு ஆசீர்வாதம். நான் ஊருக்கு வருவது வருடம் இரண்டு கல்யாணத்துக்கு. காய்ச்சலுக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆகையால் மண்டபமே நலம்."

அரைப்புள்ளி

பெட்டி கட்டிக்கிட்டிருந்த ஞானம்மாதான் கேட்டாக, "அரைப்புள்ளிகளக் கேட்டீகளா?"ன்னு. புருசன் தவறிப்போன ஆச்சிமாரு அரைப்புள்ளி. கோயில் வரி அவுககிட்ட பாதி வாங்குவாக. கூட்டத்துக்கு அவுக வர்றதில்ல, அதனால யாரும் அவுகளக் கேட்டதும் இல்ல. எண்பதுல அவுக அரையும் சேத்திதான்! ஓடுனேன் காரியக்காரர்கிட்ட. வரிப் பொஸ்தகத்தப் பிரிச்சுப் பாத்தாரு. "வரி வாங்குறோம்ல, செல்லும்"னாரு. மண்டபம் வேணும்ங்கிறவரு, ஆனா மொறைன்னா மொறை. அதுல அவரச் சும்மா சொல்லக்கூடாது.

இருபது ஆச்சிமாரு. ஞானம்மாதான் என்னைய வீடு வீடாக் கூட்டிட்டுப் போனாக. எந்த வீட்டுல யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ஊசின்னா பயம்னு அவுகளுக்கு மனப்பாடம். பத்தொம்போது பேரு கேட்டதும் போட்டுட்டாக. கடைசியா மீனாட்சி ஆச்சி. செட்டியார் வீட்டுப் பொம்பளைன்னா எந்த வயசுலயும் ஆச்சிதான், இவுகளுக்கு முப்பத்தஞ்சு இருக்கும். மனுவ முழுசாப் படிச்சுட்டு, "'ஏழை எளியவர்கள்'னு போட்டிருக்கீக. என் புள்ளை பொறந்ததும் அந்த ஆஸ்பத்திரியிலதான். 'ஊரார்'னு திருத்திக் கொண்டாங்க"ன்னாக. மேல் தாள மட்டும் திருத்தி அடிச்சுக் கொண்டுபோனேன். போட்டுட்டு, பேனாவ மூடிக் குடுத்துச் சொன்னாக: "பத்து வருசமா அரை வரி கட்டுறேன் தம்பி. அரை வார்த்தை கேக்க இப்பத்தான் ஒரு ஆளு வந்திருக்கீக."

மாலையோட ஒரு கையெழுத்து

முப்பதும் பத்தும் நாப்பது. சரிபாதி! பாதிக்கு மேல வேணும். மாசம் முடிய ரெண்டு நாள். ஞானம்மாவுக்கு மதுரை பஸ்ஸு. அக்கா படுத்த எடத்துலயே கெடக்கு. எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு: மறுநாள் பழனியப்பனுக்குக் கல்யாணம். மொதல்ல செல்லாமப்போன கையெழுத்துல அவனோடதும் ஒண்ணு. தாலி கட்டிட்டான்னா ஊர் எண்பத்தொண்ணு, நமக்கு நாப்பத்தொண்ணு!

அவுக மொறைப்படி கோயில்லருந்து மாலை வந்து, தாலி கட்டி, காரியக்காரர் புள்ளிக் கணக்குல பேரப் பதியிற வரைக்கும் ஓரமா நின்னேன். பதிஞ்சு முடிச்சதும் பேப்பர நீட்டிட்டேன். பழனியப்பன் பேனாவ வாங்கிட்டான். பக்கத்துல இருந்த பொண்ணு தலையத் தூக்கி, "புள்ளின்னா ரெண்டு பேரும்தானே? என்னையக் கேக்க மாட்டீகளா?"ன்னு கேட்டுச்சு. பந்தலே திரும்பிப் பாத்துச்சு. மனுவ அது பக்கம் திருப்புனேன். மனுவ வாங்கி, வரி வரியாப் படிச்சு, மாப்பிள்ளைகிட்டத் திருப்பிக் குடுத்துச்சு. "போடுங்க. நாளைக்கு எனக்கு வலி வந்தா பஸ்ஸுலயா போறது?"

காரியக்காரர் மூணு தடவை எண்ணுனாரு. வட்டி வைத்தியத்துக்கேன்னு எழுதிட்டு, "இந்த வருசத்துக்குச் சரி, அடுத்த வருசம் மறுபடி கொண்டா"ன்னாரு. ஞானம்மா பெட்டியப் பிரிச்சுட்டாக. நடுவுல விட்டதால அக்காவுக்கு ஊசி மறுபடி ஒண்ணுலருந்து, எனக்குக் கையெழுத்தும் மறுபடி ஒண்ணுலருந்து, அதனால இப்பல்லாம் யாரு கல்யாணப் பத்திரிகை நீட்டுனாலும் மாப்பிள்ளை எந்த ஊருன்னுதான் மொதல்ல பாக்குறேன்.