ரோடு போட்டாச்சு

"ஒட்டகத்த வித்துட்டு சோபா வாங்கிட்டான் லா" என்று ஈப்போவில் எங்கள் குனோங் ராபாட் பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான் என் மச்சான். மச்சான் என்றால் பெண் கொடுத்த உறவு இல்லை. என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மோட்டார் பட்டறை வைத்திருப்பவன், முப்பது வருடமாக என்னோடு பைக் ஓட்டியவன். அவன் வாயிலிருந்து வரும் பேச்சை நான் சேர்த்து வைத்துக்கொள்வேன். அதிகம் படித்தவனில்லை நான். லோரி ஓட்டிய காலத்தில் சாப்பாட்டுக் கடைகளில் காதில் விழுந்த பேச்சுதான் என் படிப்பு. ஆனால் இந்தச் சோபா பேச்சை மட்டும் அன்றைக்கு என்னால் ரசிக்க முடியவில்லை.

ஒட்டகம் என்று அவன் சொன்னது என்னுடைய பழைய அட்வென்ச்சர் பைக்கை. உயரமான வண்டி. கட்டை கட்டையாய் டயர், நீண்ட கால், வயிற்றுக்குக் கீழே கல் படாமலிருக்க ஓர் இரும்புத் தகடு. சிவப்பு விளக்கில் நின்றால் கால் விரல் நுனிதான் எனக்குத் தரையில் படும். "இறங்க ஏணி வேணுமா அண்ணே?" என்று பக்கத்துக் காரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். என்னோடு ஓட்டியவர்கள் அதே மாதிரி வண்டியில் தாய்லாந்து வரைக்கும் போய், மலையேறி, ஆற்றைக் கடந்து படம் பிடித்து அனுப்புவார்கள். நான் எங்கேயும் போகவில்லை. அட்வென்ச்சர் என்று பேர் இருந்தாலும், ஒரே ஒரு ரோட்டுக்காகத்தான் அதை வாங்கினேன்.

பீடோரிலிருந்து உள்ளே போகிற ரோடு அது. தார் முடிந்த பிறகு செம்மண். என் மனைவி பிறந்த எஸ்டேட் அங்கே இருந்தது. அப்போது ரப்பர் பால்மரம், இப்போது எல்லாம் எண்ணெய்ச் செம்பனை. தொழிலாளிகள் இருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். கோயிலும் அதற்குப் பின்னால் எஸ்டேட் இடுகாடும்தான் மிச்சம். அந்த இடுகாட்டு ஓரத்தில் எங்கள் மூத்த பையன் இருக்கிறான்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் அங்கேயே பெற்றாள். பதினாறாம் நாள் பேர் வைக்கலாம் என்று இருந்தோம். பதினோராம் நாள் காய்ச்சலில் போய்விட்டான். அதனால் அவனுக்குப் பேர் இல்லை. வீட்டில் அவனைப் பற்றிப் பேசும்போது 'அவன்' என்றுதான் சொல்வோம். பிறகு பிறந்த எங்கள் இரண்டு பெண்களுக்கும் பேர் உண்டு, அதனால் 'அவன்' என்றால் யார் என்பதில் குழப்பம் வந்ததே இல்லை.

மண்ணைப் போட்டு மூடிய பிறகு என் மாமனார் ஒரு காரியம் செய்தார். பால்மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் பீங்கான் மங்குகளில் ஏழை எடுத்து வந்து, கவிழ்த்து, மண் மேட்டைச் சுற்றிப் பாதி வரைக்கும் புதைத்து வைத்தார். சிமெண்டில் கட்ட அன்றைக்கு வழியில்லை. மரங்களை வெட்டினார்கள், மாமனாரும் போய்ச் சேர்ந்தார். அந்த ஏழு மங்கும் அப்படியே இருந்தன. வருடா வருடம் அவன் போன நாளில் நாங்கள் போவோம். நான் புல் பிடுங்குவேன். அவள் பால் ஊற்றி, ஒரு பிஸ்கட் வைத்து, மங்குகளை ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணுவாள். ஏழு என்று முடித்த பிறகுதான் எழுந்திருப்பாள்.

அங்கே கார் போகாது. செம்பனைப் பழம் திருட வேன் வருகிறது என்று கம்பெனிக்காரர்கள் தார் முடிகிற இடத்தில் இரண்டு சிமெண்டுத் தூணை நட்டுவிட்டார்கள். நடுவில் மோட்டார் சைக்கிள் மட்டும் நுழையலாம்; கம்பெனி லோரிக்கு மறுபக்கம் பூட்டுப் போட்ட தனி வாசல். ஒரு தடவை என் ஒட்டகத்தின் பக்கப் பெட்டி அந்தத் தூணில் உரசிவிட்டது. அன்றைக்கே இடைவெளியைக் கயிற்றால் அளந்து, இரண்டு முடிச்சுப் போட்டு வீட்டில் ஆணியில் மாட்டி வைத்தேன். தூணைத் தாண்டினால் இரண்டு மைல் பள்ளமும் மேடும். மழை பெய்தால் சேறு. பின்னால் உட்கார்ந்திருப்பவள் கத்த மாட்டாள், தோளைக் கிள்ளுவாள். கிள்ளுகிற பலத்தை வைத்துப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று நான் தெரிந்துகொள்வேன்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். நடக்கலாம், உட்காரலாம், காலை உயரத் தூக்கக் கூடாது, குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பைக்கில் போகலாமா என்று நான் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நல்ல ரோடாக இருந்தால், மெதுவாகப் போனால், கொஞ்ச தூரம் பரவாயில்லை என்றார். நல்ல ரோடு என்பதை மட்டும் நான் காதில் வாங்கிக்கொண்டேன்.

நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் அவளே வாசலில் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இடது காலைத் தூக்கிப் பார்த்தாள். புகைக்குழாய் உயரத்துக்கு மேல் வரவில்லை. நான் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன். அதன் மேல் ஏறி நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கிவிட்டாள்.

"பைக்கு வளந்திருச்சுங்க" என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தேன்.

அவன் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எஸ்டேட் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஜாகாக்காரருக்குப் போன் போட்டேன். காவலுக்கு அங்கேயே தங்கியிருப்பவர் அவர். கை வேலையாக இருந்ததால் போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ரோடு எப்படி தம்பி இருக்கு?"

"ரோடு போட்டாச்சுண்ணே. போன மாசந்தான். சும்மா ஜம்முன்னு இருக்கு. அக்காவ கூட்டிக்கிட்டு வாங்க லா."

"ரோடா?" என்று அவள் தலையை நிமிர்த்தினாள்.

"ஆமா, ரோடு போட்டாச்சாம்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து நெத்திலியை எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே மச்சான் பட்டறைக்குப் போய், உயரம் குறைவாய், பின்னால் சாய்ந்து உட்காருகிற மாதிரி ஒரு டூரிங் பைக் பார்க்கச் சொன்னேன். ஒட்டகத்தை வாங்கக் காம்பாரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து வயிற்றுத் தகட்டுக்குள் விரலை விட்டு எடுத்தார். காய்ந்த செம்மண் உதிர்ந்தது.

"அங்கிள், கழுவியே தரலயா?"

"கழுவுனேன் தம்பி. எத்தன தடவ கழுவுனாலும் கொஞ்சம் இருக்கும்."

"எங்க ஓட்டுனீங்க இத? பெரிய காடா?"

"இல்ல. ஒரே ரோடுதான்."

அவர் கிளம்பித் திருப்பத்தைத் தாண்டிய பிறகும் மச்சான் என்னைப் பார்க்காமல் நட்டு முடுக்குகிற மாதிரி எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். எதையும் முடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

சோபா வந்தது. நீளமாய், தாழ்வாய், ரோட்டோடு ஒட்டிப் போகிற வண்டி. டயர் வழுவழுவென்று இருந்தது. இரண்டு பக்கமும் பெட்டி. ஆணியில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்துப் போய்ப் பெட்டிக்குப் பெட்டி பிடித்துப் பார்த்தேன். "சட்ட தைக்கப் போறியா மச்சான்?" என்று பட்டறையிலிருந்து மச்சான் கேட்டான். முடிச்சுக்குள் இரண்டு விரல் இடம் மிஞ்சியது. அந்த இரண்டு விரல் இடத்துக்கு நான் பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அவளை ஏற்றி ஒரு நாள் பழகிப் பார்த்தோம். கால் சிரமமில்லாமல் ஏறியது. "நாக்காலி மாதிரி இருக்கு" என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். வண்டி குலுங்கவே இல்லை. பாதி தூரம் போன பிறகுதான் கவனித்தேன், என் தோளில் கை இல்லை. சாய்மானம் இருக்கும்போது பிடிக்க வேண்டிய அவசியம் இல்லையே. இருக்கிறாளா என்று இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

அவன் நாள் வந்தது. காலையிலேயே கிளம்பினோம். பெட்டியில் பால், பிஸ்கட், அவள் மருந்து, ஒரு தலையணை. காம்பாரைத் தாண்டும்போது வெயில் ஏறியது. பீடோரில் நிறுத்தி டீ குடித்தோம். வழக்கமாய்த் திரும்பி வரும்போதுதான் அங்கே கொய்யா வாங்குவாள், அதனால் கடைக்காரம்மா எங்களைப் பார்த்ததும், "இன்னும் போகலயா அக்கா?" என்றார். "இப்பத்தான் போறோம்" என்றாள்.

தூண்கள் தெரிந்தன. கயிறு பொய் சொல்லவில்லை, உரசாமல் நுழைந்துவிட்டேன். அந்தப் பக்கம் முன் சக்கரம் இறங்கிய உடனே வண்டி ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.

ரோடு போட்டிருந்தார்கள். பழைய மேட்டையெல்லாம் மழித்து, இரண்டு பக்கமும் அகலமாக்கி, புதுச் செம்மண்ணைத் தள்ளி, மேலே கைப்பிடி அளவுக்குக் கல்லைக் கொட்டியிருந்தார்கள். லோரிக்கு அருமையான ரோடு. முந்தின நாள் மழையில் ஊறி, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் சிவப்பாய்ப் பளபளத்தது. தார் என்று ஒரு சொட்டு இல்லை.

பத்தடி போயிருப்பேன். வழுவழு டயர் கல்லில் நழுவியது. காலை ஊன்றி நிறுத்தினேன். பின்னால், "அம்மா" என்று ஒரு சத்தம். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. வண்டியை அப்படியே பின்னால் தள்ளித் தாருக்குக் கொண்டுவந்து, அவளை இறக்கிவிட்டு, நடு ஸ்டாண்டில் ஏற்றினேன்.

ஜாகாக்காரர் தன் சின்ன மோட்டாரில் குலுங்கிக் குலுங்கி வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களாண்ணே, ரோடு போட்டத? நான் சொன்னேன்ல?"

"ஆமா தம்பி" என்றேன். "போட்டிருக்காங்க."

அவர் மேல் என்ன குற்றம்? எஸ்டேட்டில் மண்ணைத் தள்ளிச் சமமாக்கினால் அதற்கு ரோடு போடுவது என்றுதான் பேர். நானும் எஸ்டேட்டில் பிறந்தவன்தான். ஈப்போவுக்கு வந்து நாற்பது வருடம் லோரியைத் தாரிலேயே ஓட்டி, அந்தப் பேச்சு எனக்கு மறந்து போயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை. அது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"ஒனக்குத் தெரியும்ல?" என்றேன். "அன்னைக்கு போன்ல கேட்டப்பவே."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"கீழ விழுந்த அன்னைக்கே தெரியும்ங்க, இனிமே அவன்கிட்ட போக முடியாதுன்னு. நீங்கதான் ரோடு, ரோடுன்னு அவ்ளோ ஆசையா இருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

"சொல்லியிருந்தா அந்த பைக்கயாச்சும் வச்சிருப்பேன்ல."

"வச்சிருந்தா நீங்க மட்டும் போவீங்க. நான் வீட்டுல இருப்பேன்" என்றாள். "இதுல இவ்ளோ தூரமாச்சும் வந்தேன்."

ஜாகாக்காரர், "என் மோட்டார்ல ஏறுங்கக்கா, மெதுவா போலாம்" என்றார். குலுங்கக் கூடாது என்று நான் சொல்லும் முன்பே அவள் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள். பெட்டியைத் திறந்து பாலையும் பிஸ்கட்டையும் எடுத்து என் கையில் கொடுத்தாள். ஜாகாக்காரருக்குப் பின்னால் நான் ஏறினேன். இத்தனை வருடத்தில் அவளில்லாமல் அந்த ரோட்டில் நான் போனதில்லை.

போடப்பட்ட ரோடு இடுகாட்டு ஓரத்தை உரசிக்கொண்டு போயிருந்தது. அகலமாக்கும்போது தள்ளிய மண் உள்ளே சரிந்து கிடந்தது. புல்லைப் பிடுங்கினேன். மண்ணைக் கையால் விலக்கினேன். மங்குகளில் நான்குதான் கிடைத்தன. ஒன்று உடைந்திருந்தது. மற்ற மூன்றைத் தேடி எவ்வளவு தோண்டலாம் என்று தெரியவில்லை. அதற்கு மேல் தோண்டப் பயமாக இருந்தது. பால் ஊற்றினேன், பிஸ்கட்டை வைத்தேன், நான்கையும் அவளைப் போல ஒவ்வொன்றாய்த் தொட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஹெல்மெட். என் கையெல்லாம் முழங்கை வரைக்கும் செம்மண்.

"எண்ணுனீங்களா?"

"எண்ணுனேன். ஏழும் இருக்கு."

அவள் என் கையைப் பார்த்தாள். நகத்துக்குள் ஏறியிருந்த மண்ணைப் பார்த்தாள். அன்றைக்கு நெத்திலி கிள்ளிக்கொண்டு என்னைப் பார்த்த அதே முகம்.

"சரி" என்றாள். தண்ணீர்ப் புட்டியைத் திறந்து என் கையில் ஊற்றினாள். இரண்டு கையும் சுத்தமாகும் வரைக்கும் ஊற்றினாள்.

பீடோரில் கொய்யா வாங்க நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பெரிய ரோட்டில் ஏறினோம். நல்ல தார், ஒரு குழி இல்லை, வண்டி தண்ணீரில் போவது போல் போயிற்று. சாய்மானத்தை விட்டு முன்னால் நகர்ந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா போங்க" என்றாள்.

மெதுவாகத்தான் போனேன்.