நெஞ்சோடு கட்டிய மார்கழி

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து ஆட்டுக்குத் தண்ணி வைக்கப் போகிற ஆள் நான். பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நிற்கச் சொன்னால் யாருடனாவது சண்டை வந்துவிடும். அப்படிப்பட்டவனை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா சட்டையைக் கழற்றச் சொல்லி, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, ஒன்றேமுக்கால் கிலோ மகளை என் வெற்று மார்பில் குப்புறப் படுக்கவைத்துத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டார். அசையக் கூடாது என்றார். எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்டேன். முடிகிற வரைக்கும், வீட்டுக்குப் போன பிறகும் இதேதான் என்றார்.

பிள்ளை குறித்த நாளுக்கு ஒரு மாதத்துக்கும் முன்னாலேயே பிறந்துவிட்டது. என் மனைவிக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் தையல் சீழ் வைத்து, நாள் தவறாமல் காய்ச்சல் அடித்தது. அவளால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிள்ளையை நெஞ்சில் வைத்திருக்க முடிந்தது. மீதி நேரம் நான். உடம்புச் சூடு ஒன்றுதான் மருந்து என்று எங்கள் இரண்டு பேரையும் வைத்துச் சொன்னார்கள். இரண்டரை கிலோ ஆகிற வரைக்கும் குளிப்பாட்டக் கூடாது, துணியை நனைத்துத் துடைத்தால் போதும். பாலைப் பீய்ச்சிப் பாலாடையில்தான் புகட்ட வேண்டும். கடைசியாக நர்ஸம்மா ஒன்று சொன்னார்: இந்த மாதிரிப் பிள்ளைகள் சில நேரம் மூச்சு விட மறந்துபோகும், உள்ளங்காலைச் சுண்டிவிடுங்கள். கடையில் உப்பு வாங்கிவரச் சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். மூச்சு விட மறக்குமா ஒரு உயிர்? அன்றைக்குப் போனது என் தூக்கம்.

முதுகுளத்தூரிலிருந்து மினி பஸ்ஸில் அரை மணி நேரம் உள்ளே போனால் எங்கள் ஊர். மார்கழி பிறந்த மறுநாள் பிள்ளையைக் கொண்டுவந்தோம். எங்கள் ஊர்க் குளிரைக் கேட்டால் ஊட்டிக்காரன் சிரிப்பான். எட்டு மாதம் வெயிலில் காய்ந்த உடம்புக்கு வாடைக்காற்று போதும், பல் கிட்டிவிடும். எங்களுடையது ஓட்டு வீடு. எந்தப் பக்கம் சாக்கு வைத்து அடைத்தாலும் இன்னொரு பக்கத்தில் காற்று வந்தது.

பிள்ளை பெற்ற அறைக்குள் தீட்டுக் கழியாமல் ஆம்பிளை போகலாமா என்று தெருவில் பேச்சு வந்தது. என் பிள்ளையைவிடத் தீட்டு பெரிசா என்று நடுத்தெருவில் நின்று ஒரு சத்தம் போட்டேன், அடங்கிவிட்டது. கேலியைத்தான் அடக்க முடியவில்லை. காலையில் எட்டரை மணிக்குக் கிழக்குச் சுவரில் வெயில் விழும். நாற்காலியை அங்கே போட்டு, நெஞ்சில் பிள்ளையும் மேலே மனைவியின் பழைய நூல் சேலையும் அதற்கு மேலே கம்பளியுமாக நான் உட்கார்ந்திருப்பேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் மாப்பிள்ளைக்குப் பால் சுரக்குதா என்று கேட்டுவிட்டுப் போவான். முதல் நாள் செருப்பைத் தேடினேன். நாலாம் நாள், ஆமாம், உனக்கும் ஒரு டம்ளர் வேணுமா என்று கேட்டேன். அதற்கப்புறம் ஒருத்தனும் கேட்கவில்லை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். பயந்து செத்துக்கொண்டே சந்தோஷமாக இருந்தேன். வெயில் காலில் ஏறி, முழங்காலுக்கு வந்து, பிள்ளையின் குல்லாவைத் தொட அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் நான் வேறு எதையும் நினைக்க மாட்டேன். அவள் மூச்சு என் நெஞ்சு முடியில் படும். அது படுகிறதா, படுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கொஞ்சம் தாமதித்தால் உள்ளங்காலைச் சுண்டுவேன். சிணுங்குவாள். என் பிறவியில் யாருடைய சிணுங்கலையும் அப்படி ஆசையாகக் கேட்டதில்லை.

வெயிலில் இருக்கும்போது எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவருவது அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். உச்சிப்புளிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். ஆறு வருஷம் பார்த்தார்கள், பிள்ளை இல்லை. மச்சான் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். அக்கா ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். பதினாலு வருஷமாக எங்கள் வீட்டுச் சமையலும் ஆடுகளும் அவள் பாடுதான். என் மனைவியின் வளைகாப்புக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆக்கிப்போட்டவள், வளையல் போடக் கூப்பிட்டபோது அடுப்பை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டாள். பிள்ளை வந்த பிறகும் அப்படித்தான். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்ப்பாள். அக்கா, தூக்கு என்று நானும் சொல்லவில்லை, என் மனைவியும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு உறைக்கவே இல்லை.

வாரத்துக்கு ஒரு தடவை எங்கள் பகுதிச் சுகாதார நர்ஸம்மா ஸ்கூட்டியில் வருவார். துணித்தொட்டில் மாதிரி ஒன்றில் பிள்ளையைப் போட்டுத் தராசில் தொங்கவிடுவார். முள் நிற்கிற வரைக்கும் நான் மூச்சு விட மாட்டேன். முதல் வாரம் தொண்ணூறு கிராம் ஏறியது. இரண்டாவது வாரம் நூறு. மூன்றாவது வாரம் ஒன்றுமே ஏறவில்லை. இந்த வாரம் பார்ப்போம், அடுத்த தடவையும் ஏறாவிட்டால் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார். அன்றைக்குச் சாயந்திரம் பக்கத்து வீட்டுப் பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து, தண்ணி ஊத்தாத பிள்ளைக்கு எப்படிச் சதை பிடிக்கும் என்று பேசினார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் பிள்ளை நெஞ்சில் இருந்ததால் பேசாமல் இருந்தேன். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

இரண்டு நாள் கழித்து மூடாப்பு போட்டது. காலையில் வெயிலே இல்லை, வாடை மட்டும் வீசியது. என் மனைவிக்குக் கட்டு மாற்ற அவளுடைய தம்பி ஆட்டோவில் முதுகுளத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். எனக்கு மிளகாய்த் தோட்டத்தில் மருந்து அடிக்க வேண்டியிருந்தது. பக்கத்துத் தோட்டமெல்லாம் இலை சுருண்டுவிட்டது, என்னுடையதிலும் ஓரத்தில் தொடங்கிவிட்டது. பிள்ளைக்குப் பால் புகட்டி, குல்லா போட்டு, கம்பளியில் சுற்றி, கதவைச் சாத்திவிட்டு, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன், மூச்சை மட்டும் பார்த்துக்கொள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன். காற்று அடிக்கும்போது மருந்து அடிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? அவசரம். அடித்ததில் பாதி என் மேலேயே விழுந்தது. சட்டை, கை, கழுத்து எல்லாம் நனைந்து, தலை கிறுகிறுக்க வீட்டுக்கு வந்தேன்.

கொல்லைப்பக்கம் வெந்நீர்ப் பானையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சோப்பு, எண்ணெய்க் கிண்ணம், வாய் அகன்ற சருவம். அக்கா கொல்லை வாசலில் நின்றாள், கையில் துண்டில் சுற்றிய பிள்ளை. அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அத்தனை சந்தோஷம்.

“குளுப்பாட்டிட்டேன்டா. தங்கமான பிள்ளை, அழவே இல்ல.”

அழவே இல்லை. எட்டிப் பார்த்தேன். உதடு வெளிறி நீலம் பாய்ந்திருந்தது. துண்டுக்கு வெளியே ஒரு கால் தொங்கியது, அதுவும் அதே நிறம். கண்ணைத் திறக்கவில்லை. எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. என்ன வந்ததென்று தெரியவில்லை என்று சொல்வதே பொய். தெரிந்துதான் சொன்னேன்.

“பெத்திருந்தாத்தானே உனக்குத் தெரியும்.”

சொல்லிக்கொண்டே பிள்ளையைப் பிடுங்கக் கை நீட்டினேன். அக்கா பின்னால் போனாள். அவள் முகத்தில் இருந்தது எல்லாம் போய்விட்டது. ஆனால் பிள்ளையை மட்டும் விடவில்லை.

“தொடாத. மேலெல்லாம் மருந்து” என்றாள்.

அப்போதுதான் என் நாற்றம் எனக்கே தெரிந்தது. இந்த நெஞ்சில் போட்டுக் கட்டினால் குளிருக்குப் பதில் விஷம். பையில் பாலித்தீனில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்து எங்கள் சுகாதார நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். இரண்டு தடவை தப்பாக அமுக்கினேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. ஈரம் இல்லாமல் துடையுங்கள், குல்லா போடுங்கள், உடனே நெஞ்சில் கட்டுங்கள், கிளம்பிவிட்டேன் என்றார். நான் மருந்தில் குளித்து நிற்கிறேன் என்றேன். அம்மா எங்கே என்றார். இல்லை என்றேன். வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

அக்காவைப் பார்த்தேன். இப்போதுதான் அவளை அப்படிச் சொன்னேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் அவளையே கேட்க வேண்டியிருக்கிறது.

“அக்கா, உள்ள போ. ரவிக்கையக் கழட்டிட்டு நெஞ்சோட போட்டுக் கட்டு.”

“நானா?” என்றாள்.

“உன்ன விட்டா யாரு இருக்கா?”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியே நின்று சேலையை எப்படிச் சுற்ற வேண்டும், காலைத் தவளை மாதிரி மடக்க வேண்டும், தலையை ஒரு பக்கம் சாய்க்க வேண்டும் என்று கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். உள்ளங்காலைச் சுண்டு என்றேன். பதில் இல்லை. மூச்சு வருகிறதா என்றேன். அதற்கும் பதில் இல்லை. கோபத்தில் இருக்கிறாளா, பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று தெரியாமல் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அந்த நிலைமை எந்த எதிரிக்கும் வரக் கூடாது. கதவைத் திறந்து பார்க்கவும் முடியாது.

டிரம் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி, நாலு தடவை சோப்புப் போட்டேன். தண்ணீர் ஐஸாக இருந்தது. நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன், அதுவும் ஐஸாக இருந்தது. இனி நான் எதற்கும் ஆக மாட்டேன். அடுப்படியில் பீய்ச்சி வைத்திருந்த பாலைப் பாலாடையோடு எடுத்து, கதவிடுக்கில் நீட்டினேன். அக்காவின் கை வந்து வாங்கிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து முதல் தடவையாகப் பேசினாள். “முழுங்க மாட்டேங்குறா.”

விடு, திணிக்காதே, புரையேறிவிடும் என்றேன். என்ன தப்பெல்லாம் நடந்தது என்று அங்கே நின்று எனக்கு வரிசையாகத் தெரிந்தது. குளிப்பாட்டக் கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எங்களிடம் சொன்னார்கள். நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. தொடாதவளிடம் எதற்குச் சொல்வது? அவள் அத்தனை நாளும் எட்ட நின்றே பார்த்துவிட்டு, வீட்டில் ஒருத்தரும் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில்தான் தைரியம் வந்து தூக்கியிருக்கிறாள். சதை பிடிக்கட்டும் என்று வெந்நீர் வைத்திருக்கிறாள். தண்ணீர் பதமாகத்தான் இருந்திருக்கும். கொல்லையில் வீசிய வாடையை அவள் நினைக்கவில்லை.

ஸ்கூட்டி சத்தம் கேட்டது. நர்ஸம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார், கதவு மறுபடி சாத்தியது. முணுமுணுப்பு மட்டும் கேட்டது. நான் கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன். பிறகு உள்ளே ஒரு சிணுங்கல். அது பெரிசாகி, அழுகையாகி, வீடு முழுக்கக் கேட்டது. நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெட்கமாக இல்லை.

நர்ஸம்மா வெளியே வந்து, கை கால் சூடாகிவிட்டது, பாலும் குடிக்கிறாள் என்றார். சாயந்திரம் மறுபடி வந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் உங்கள் அக்காவே வைத்திருக்கட்டும், கட்டைப் பிரிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே போனேன். அக்கா சுவரில் சாய்ந்து, கழுத்துவரைக்கும் சேலையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். குல்லா மட்டும் வெளியே தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. குல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரியாமல் சொல்லிவிட்டேன் அக்கா என்றேன்.

“தெரியாமச் சொல்லலடா. பதினாலு வருஷமா உள்ள இருந்ததத்தான் சொன்ன.” அவள் குரலில் கோபமே இல்லை. “நான் கேட்டுட்டேன், பரவாயில்ல. இவ காதுல விழுற மாதிரி இனிமே எவளையும் அப்படிச் சொல்லாத.”

சரி என்றேன். என் உடம்பும் சூடாகிவிட்டது, உனக்குக் கை வலிக்கும், நான் வைத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன்.

“அவ தூங்கட்டும்” என்றாள். தரவில்லை.