அந்தோனியார் காலடியில் வைத்த டிஸ்க்

பிரிஜட் டீச்சர் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் 'தெரியாது' என்று சொன்னதில்லை. இருபத்து மூன்று வருஷம் அப்படியே ஓட்டிவிட்டாள்.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் பிறந்தவள். லூர்து மாதா கோயிலில் ஞானஸ்நானம், அதே கோயிலில் லாசரஸோடு கல்யாணம், பிறகு தோ பாயோவில் மூன்றறை வீடு. வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருந்த உயர்நிலைப்பள்ளியில் தமிழ் எடுத்தாள். அவளுடைய பேர் பாடத்தால் வந்ததைவிட ஸ்டென்சிலால் வந்ததுதான் அதிகம். பரீட்சை வந்தால் மற்ற டீச்சர்கள் வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். மெழுகுத்தாளில் தப்பில்லாமல் தட்டச்சு செய்வாள். சைக்ளோஸ்டைல் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினால், சேலையில் ஒரு சொட்டு மை படாமல் இருநூறு தாள் விழும்.

அதனால்தான் எண்பத்து நான்கில் பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தபோது, மூன்று நாள் பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். அங்கே எல்லாரும் சின்ன வயசுக்காரர்கள். இரண்டாம் நாள் மத்தியானம், ஒரு டிஸ்கில் இருப்பதை இன்னொரு டிஸ்குக்கு ஏற்றி வைப்பது எப்படி என்று பயிற்சியாளர் வேக வேகமான ஆங்கிலத்தில் காட்டினார். பாதியிலேயே பிரிஜட்டுக்குப் பிடி விட்டுப்போனது. புரிந்ததா என்று அவர் கேட்டபோது முதலில் ஆடிய தலை அவளுடையதுதான்.

அந்த வருஷம் உயர்நிலை நான்காம் வகுப்பு மாணவர்களின் முன்னோட்டத் தேர்வு மதிப்பெண்களை, ஐந்து வகுப்புக்கும் சேர்த்து, இரண்டு வாரம் பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து ஏற்றினாள். எல்லாம் ஒரே டிஸ்க். வெள்ளிக்கிழமை பிரின்சிபல் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அந்தப் பாராட்டோடு டிஸ்கையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளின் பரீட்சைச் சீட்டு, வீட்டுச் சாவி வாங்க வரச்சொன்ன கடிதம், லாசரஸின் பாஸ்போர்ட் என்று முக்கியமான எதுவும் முதலில் அந்தோனியார் காலடியில் இருந்துவிட்டுத்தான் போகவேண்டிய இடத்துக்குப் போகும். அந்தோனியார் சுரூபம் லாசரஸின் பெரிய ஸ்பீக்கர் பெட்டி மேல், விரித்த துணியில் நின்றது. மெழுகுவர்த்தி ஏற்ற அந்த உயரம்தான் தோதாக இருந்தது. டிஸ்க் அங்கே போனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த லாசரஸ் சாயங்காலம் வரை பாட்டுப் போட்டார்.

திங்கட்கிழமை டிஸ்கைச் செருகினாள். டிஸ்கைப் படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி ஆங்கிலம் வந்தது. எத்தனை முறை செருகினாலும் அதே வரி.

கம்ப்யூட்டர் அறைச் சாவி அப்துல் முத்தலிப்பிடம் இருந்தது. லேப் உதவியாளர், ஐம்பது வயது. அறையைக் கூட்டி, இயந்திரங்களுக்கு உறை போட்டு, போட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார். டிசம்பரில் நடக்கவிருந்த கம்ப்யூட்டர் பயிற்சிக்கு அவர் பேரும் பட்டியலில் இருந்தது. பிரிஜட் போட்ட சத்தம் கேட்டு நாலு டீச்சர்கள் கூடிவிட்டார்கள். பின்னாலேயே பிரின்சிபலும் வந்தார். டிஸ்க் அவள் வீட்டுக்குப் போய் வந்தது யாருக்கும் தெரியாது.

"பாய் இங்க உக்காந்துதான் டீ குடிப்பாரு. நானே பாத்திருக்கேன்," என்றார் விஞ்ஞானம் எடுக்கும் அழகப்பன்.

"டிஸ்க நான் தொடவே இல்ல சார். டீ பட்டா இப்படி மொத்தமா போவாது. காந்தம் கிட்ட வெச்சாத்தான் போவும்," என்றார் முத்தலிப்.

பிரின்சிபல் கையை நீட்டினார். முத்தலிப் சாவியைக் கொடுத்தார். அவர் பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி பிரின்சிபல் அங்கேயே நின்று சொன்னார்.

பிரிஜட் டிஸ்கை உறையில் போட்டுப் பையை மூடினாள். காந்தம் என்ற சொல் காதில் விழுந்ததுமே, ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கும் என்று லாசரஸ் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கொண்டை ஊசியைக் கழற்றி அந்தோனியார் காலடியில் வைத்தாள். ஊசி தானாகத் திரும்பி, துணியோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

விஷயத்தைக் கேட்ட லாசரஸ் சிரித்துவிட்டார். "தொலைஞ்சத எல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவரு. அவர் காலடியிலயே தொலைஞ்சா யார்கிட்ட போய்க் கேக்கிறது?"

"சிரிக்காதீங்க. அந்த பாய் மேல பழி போட்டுட்டாங்க."

"அப்போ போய்ச் சொல்லிடு லா."

"என்னன்னு சொல்றது? டிஸ்க்க சுரூபத்துக்கு அடியில வெச்சேன்னா? ஸ்டாஃப் ரூமே சிரிக்கும்."

"சிரிச்சா என்ன, பல்லுதானே தெரியும்?"

செவ்வாய், புதன் இரண்டு நாளும் டீச்சர்களின் நோட்டைப் பார்த்து மதிப்பெண்களைத் திரும்ப ஏற்றினாள். முத்தலிப்பை வராந்தா துடைக்க விட்டிருந்தார்கள். அவள் வரும்போதெல்லாம் வாளியை நகர்த்தி, "பாத்து வாங்க டீச்சர், ஈரமா இருக்கு," என்றார். அவர் முறைத்திருந்தால் தேவலை.

வியாழக்கிழமை காலை பிரின்சிபலிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். மதிப்பெண்தான் திரும்ப வந்துவிட்டதே, இது இந்த அறையோடு இருக்கட்டும், சாவியை மெதுவாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். பிரிஜட்டுக்கு அப்பாடா என்றிருந்தது. மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் அந்த அப்பாடாவே கூசியது. சாத்திய கதவுக்கு உள்ளே அவள் பேர் பத்திரம்; முத்தலிப்பின் பேர் வெளியே வராந்தாவில் கிடக்கிறது.

நேராக சைக்ளோஸ்டைல் அறைக்குப் போனாள். ஒரு ஸ்டென்சிலை மாட்டி ஆங்கிலத்தில் நாலு வரி அடித்தாள். டிஸ்கை வீட்டுக்குக் கொண்டுபோய் சுரூபத்துக்குக் கீழே, ஸ்பீக்கர் மேல் வைத்துக் கெடுத்தது தான் என்றும், இன்னொரு டிஸ்கில் ஏற்றி வைக்கத் தனக்குத் தெரியாது என்றும், முத்தலிப் மேல் எந்தத் தப்பும் இல்லை என்றும். கடைசி வரியில் ஓர் எழுத்து பிசகியது. திருத்தும் திரவத்தைத் தேடவில்லை. கைப்பிடியைச் சுற்றி ஐம்பத்திரண்டு தாள் எடுத்து, மேசைக்கு ஒன்றாக வைத்தாள்.

இடைவேளையில் சிரிப்பு அலையாக வந்தது.

"என்ன டீச்சர், அந்தோனியாருக்குக் கம்ப்யூட்டர் பிடிக்கலையோ?" என்றார் அழகப்பன்.

"பிடிக்காம இல்ல சார். நான் வெச்ச இடந்தான் சரியில்ல," என்றாள். காது மடல் கொதித்தது.

மத்தியானம் சாவி முத்தலிப்பின் கைக்குத் திரும்பியது. பயிற்சிக்கு வேறு ஆளைப் போட்டாயிற்று, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

பள்ளி விட்டதும் பிரிஜட் கம்ப்யூட்டர் அறை வாசலில் போய் நின்றாள். முத்தலிப்பின் சட்டைப் பையில் அந்தத் தாள் நாலாக மடித்து இருந்தது.

"மூணு நாளு டீச்சர்," என்றார் அவர். "வீட்ல கேக்கிறாங்க, நீங்க என்ன பண்ணிட்டீங்கன்னு."

பிரிஜட் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

முத்தலிப் இயந்திரத்தின் உறையை எடுத்து மடித்து வைத்தார். அலமாரியிலிருந்து ஒரு புது டிஸ்கை எடுத்தார்.

"இதுல எப்படி ஏத்துறதுன்னு தெரியுமா?"

"தெரியாது பாய்."

"எனக்கும் கம்ப்யூட்டரோட வந்த புத்தகத்துல பாத்ததுதான்." நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் உட்கார்ந்தார். அவளை உட்காரச் சொல்லவில்லை. பிரிஜட் பக்கத்தில் நின்றபடியே, அவர் விரல் எந்தெந்தப் பொத்தானுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.