இரண்டாவது கையெழுத்து

இது நடந்தது. உரும்பிராயில், பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்களோடு வாதாடத் தெம்பில்லை. நடந்தபடியே சொல்கிறேன்.

தனுசியாவின் கணவன் தேனுஜன் வீட்டறையில் ஒரு பிளாக்செயின் நோட் நடத்தினான். உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் சேர்ந்து ஒரே பதிவேட்டைக் காக்கும்; அவற்றில் ஒன்று அவனுடையது. ஆறரை நிமிடத்துக்கு ஒருமுறை அவனது இரகசியச் சாவியால் அது கையெழுத்திடும். டெங்குவில் அவன் இறந்த அன்றே அதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சின்னக் கணினியை அவனது தாய், தனுசியாவின் மாமி, சவப்பெட்டிக்குள், அவன் நெஞ்சோடு வைத்தார்.

“உதுதானே அவன்ரை உயிர்... அவனோடையே போகட்டும்.”

இரண்டும் சேர்ந்தே எரிந்தன.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடிந்த மறுநாள், பகல் 12.20. வீட்டில் வேறு யாருமில்லை. புதிய கணினியில் தனுசியா சாவியின் பிரதியை ஏற்றினாள். அவன் விட்டுப்போனதில் உயிரோடு வைத்திருக்கக்கூடியது அது ஒன்றுதான். தேனுஜனின் தம்பி கோகுலன் லண்டனிலிருந்து தொலைபேசியில் அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சொன்னான்.

“அண்ணி, ஒரு சாவி ரெண்டு மெசினிலை ஓடினால் எங்களைத் துரத்திப்போடுவாங்கள். பிறகு அந்தச் சாவியோடை சேரவே ஏலாது. பழையது நிண்டிட்டுதுதானே?”

“சாம்பலாப் போனது எப்பிடி ஓடும் கோகுலன்?”

“ஓம்... எண்டாலும் இரட்டைக் காவலைப் போட்டுவிடுங்கோ. இருபது நிமிசம் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும். வேறை ஆரும் இல்லையெண்டால்தான் கையெழுத்து வைக்கும். உங்கடை அவசரத்துக்கு அது ஓடாது.”

12.31. காவல் தொடங்கியது.

12.38. நோட் தானாக நின்றது. திரையில் ஒரே வரி. இந்தச் சாவி வேறொரு கணினியில் இயங்குகிறது.

“ஏதும் பிழையா அடிச்சுப்போட்டியளோ?”

“இல்லை.”

மறுபடி தொடங்கினாள். 12.45... நின்றது.

இணைய வயரைக் கழற்றினாள். கைபேசியில் பொதுப் பதிவேட்டைத் திறந்து, அவனது சாவியைத் தேடினாள்.

12.51. ஒரு கையெழுத்து.

12.57. இன்னொன்று.

அறை சூடேறியது. கணினியைத் தொட்டாள். குளிர்ந்தே இருந்தது...

1.04. இம்முறை கையெழுத்து மட்டுமல்ல. பதிவேட்டின் ஒரு முழுப் பக்கத்தையே அந்தச் சாவி எழுதியிருந்தது. பக்கத்தை எழுதும் நோட் அதன் ஓரத்தில் சிறு வாசகம் ஒன்றும் பதிக்கலாம். தேனுஜன் ஒருநாளும் பதித்ததில்லை.

இதில் இருந்தது.

சுடுது தனு

“அண்ணி? அண்ணி! கதையுங்கோ!”

அவள் அந்த வரியை அவனுக்கு வாசித்தாள்.

அன்று மாலை கோகுலன் பழைய பதிவுகளைத் தோண்டினான். அண்ணன் இறந்ததும் சாவி அடங்கியிருந்தது. இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பிற்பகல் 3.52க்கு மறுபடி கையெழுத்து. அதன்பிறகு ஒன்றுகூடத் தவறவில்லை.

செத்தவீட்டை அவன் லண்டனிலிருந்து நேரலையில்தான் பார்த்தான். அந்த வீடியோவை எடுத்து ஓட்டினான். மூலையில் நேரம் ஓடியது.

3.50. பெட்டியை விறகின்மேல் வைக்கிறார்கள்.

3.51. மாமி அலறுகிறார்.

3.52. கொள்ளி.