திடப்படுத்தலுக்கு வராத கோல்கீப்பர்

மலேசியாவில் ராசா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஆங்கிலிக்கன் ஆலயத்தில் புனிதனைத் தெரியாதவர் கிடையாது. எட்டு மணி ஆராதனைக்கு ஏழு மணிக்கே வந்து ஜன்னல்களைத் திறப்பவர் அவர்தான். பிந்தி வருபவர்களை முறைப்பார். முறைத்த கையோடு அவர்களுக்கு மின்விசிறிக்குக் கீழே இடமும் பிடித்துக் கொடுப்பார். செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து நான்கு. பதினைந்து வருஷமாக ஆலய வார்டன்.

அந்த வார்டன் திடப்படுத்தலே பெறாதவர் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் விவரம் தெரிந்த வயதில் பேராயர் முன்னால் முழங்காலிட வேண்டும். அவர் தலையில் கை வைத்து ஜெபித்த பிறகுதான் நற்கருணை வாங்கலாம். அதற்குப் பெயர்தான் திடப்படுத்தல். புனிதன் நாற்பத்தெட்டு வருஷமாக நற்கருணை வாங்கிக்கொண்டிருந்தார். தலையில் மட்டும் யாரும் கை வைத்ததில்லை.

எழுபத்தாறாம் ஆண்டு அவருக்குப் பதினாறு வயது. சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து பையன்கள் ஏழு பேர், பெண்கள் ஐந்து பேர் திடப்படுத்தலுக்குத் தயாரானார்கள். அந்தந்தத் தோட்டத்தில் தனித்தனியாகப் பாடம் படித்தவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. அம்மா வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார். காய்ச்சலில் கிடந்ததால் கூட வர முடியவில்லை. அதே ஞாயிறு காலை கெர்லிங் திடலில் தோட்டங்களுக்கிடையே கால்பந்து இறுதி ஆட்டம். புனிதன்தான் கோல்கீப்பர். ஆலயத்துக்கென்று கிளம்பியவர் பாதி வழியில் ஆட்டக்காரர்களின் லோரியில் தாவி ஏறிவிட்டார்.

மாட்டிக்கொள்வோம் என்றுதான் நினைத்தார். ஆனால் உபதேசியார், வேலை மிச்சம் என்று, முந்தின வாரமே பதிவேட்டில் எல்லாப் பெயரையும் எழுதி, சான்றிதழ்களையும் எழுதி முடித்திருந்தார். ஆராதனை நேரத்தில் அவருடைய கவனமெல்லாம் வெளியே பேராயருக்காகக் கொதித்துக்கொண்டிருந்த ஆட்டுக்கறி மேல் இருந்தது. உள்ளே பெயர்களைப் படித்தவர் வெளியூர்க்காரர். யார் வரவில்லை என்று அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? சாயங்காலம் உபதேசியாரே வீடு தேடி வந்து சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போனார். காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்த அம்மா அதை முத்தமிட்டு அழுதார். அந்த அழுகைக்கு முன்னால் புனிதனுக்கு வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு அம்மாவே பின்னாலிருந்து தள்ளி அவரைப் பீடத்தருகே அனுப்பினார்.

அன்றிலிருந்து அப்பத்துக்காகக் கையேந்தும்போதெல்லாம் அவருக்கு உள்ளங்கை கூசும். அம்மா போய்ச் சேர்ந்தபின் சொல்லியிருக்கலாம். அதற்குள் கல்யாணம், பிள்ளைகள், வார்டன் பதவி. சட்டம் போட்ட சான்றிதழ் மட்டும் கூடத்துச் சுவரில் தொங்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் பேராயர் வரும் நாள் முடிவானதும், குருவானவர் ஒரு குண்டைப் போட்டார். எட்டுப் பிள்ளைகள் தயாராகிறார்கள், வார்டன் தன் திடப்படுத்தல் நாளைப் பற்றி அவர்களிடம் பேச வேண்டுமாம். ஆலயத்துக்குள் நின்று, பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வதா? புனிதனால் அது முடியாது. அன்றே குருவானவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தன் வயதில் பாதிகூட ஆகாத அந்த மனிதர் சிரிப்பை அடக்கப் படாத பாடுபட்டு, பேராயரைத் தொலைபேசியில் அழைத்தார். ஒன்பதாவது ஆளாக வரட்டும் என்று பேராயர் சொல்லிவிட்டார்.

மிச்சம் இருந்தது புனிதனின் மனைவி ரமணி. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நாற்பது வருஷம் கூட இருந்தவரிடம் மறைத்தது வேறு கணக்கல்லவா? சனிக்கிழமை மத்தியானம் புனிதன் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். ரமணி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"வெள்ளைச் சட்டைய ஐயர்ன் பண்ணி வைக்கிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

 பேராயர்கூட மன்னித்துவிட்டார். ரமணி மன்னிப்பாரா?

ஞாயிறு ஆலயம் நிரம்பி வழிந்தது. எட்டுப் பிள்ளைகளும் இருவர் இருவராகப் போய் முழங்காலிட்டார்கள். பேராயர் ஆளுக்கொரு கை வைத்து ஜெபித்தார். கடைசியாகப் புனிதனின் பெயரைப் படித்ததும் ஆலயமே கழுத்தை நீட்டிப் பார்த்தது. வெள்ளைச் சட்டையில் அவர் தனியாகப் போய், முட்டி நோக முழங்காலிட்டார்.

அப்போது பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம். ரமணி நடந்து வந்து அவர் பக்கத்தில் முழங்காலிட்டார். உங்களுக்கு ஏற்கெனவே திடப்படுத்தல் ஆகவில்லையா அம்மா என்று பேராயர் தணிந்த குரலில் கேட்டார்.

"ஆயிருச்சு ஐயா. எழுபத்தாறுல, இதே பீடத்துல. பையன்கள்ல ஒருத்தர் மிச்சம், பொண்ணுங்கள்ல நான் மிச்சம். எங்களை ஜோடியா வரச் சொன்னாங்க. புனிதன்னு மூணு தடவை கூப்பிட்டாங்க, யாரும் வரல. நான் ஒத்தையா முட்டி போட்டேன். அவரு இப்பதான் வந்திருக்காரு."

பேராயர் இருவருக்கும் நடுவில் நகர்ந்து நின்றார். பிறகு வலது கையைப் புனிதன் தலையில் வைத்துத் திடப்படுத்தினார். இடது கையை ரமணி தலையில் வைத்து ஆசீர்வதித்தார். புனிதன் குழந்தை மாதிரி அழுதார். அன்று அப்பத்துக்குக் கையேந்தியபோது உள்ளங்கை கூசவில்லை.

பிறகு கூடாரத்தில் விருந்து நடந்தது. புனிதன் தட்டை வைத்துக்கொண்டு, எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். கல்யாணமாகி வந்த அன்றைக்கே சுவரிலிருந்த சான்றிதழில் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டாராம் ரமணி.

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன் லா," என்றவர், குரலைத் தாழ்த்தி, "அது இருக்கட்டும். அன்னைக்கு மேட்ச்ல யாரு ஜெயிச்சா?" என்றார்.

புனிதன் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நாலுக்கு சைபர்."

"உங்களுக்கா?"

"அவங்களுக்கு."

கையிலிருந்த குழம்புக் கரண்டி ஆட ஆட ரமணி சிரித்தார். இரண்டு மேசை தள்ளி இருந்த பேராயரும் திரும்பிப் பார்த்தார்.